அலெக்சாண்டர் கெட்டது குடியாலயா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

போன பேச்சுல அலெக்சாண்டர் தன் தளபதி கிளைட்டஸைக் கொன்ன கதையைச் சொன்னேன் இல்லையா, அதைக் கேட்டுட்டு ஒரு அன்பர், "அலெக்சாண்டர் கெட்டது குடியாலதானே?"ன்னு எழுதியிருக்கார். குடி இருந்தது, மறுக்கலை. ஆனா தெளிவா இருந்தப்ப என்ன பண்ணார்னு கேளுங்க, அங்கதான் விஷயம் இருக்கு.

கி.மு. 333, டார்சஸ் நகரம். கடும் காய்ச்சல். வைத்தியர் பிலிப் மருந்து கலக்குறார். தளபதி பார்மீனியன்கிட்டயிருந்து கடிதம் வருது: பிலிப்பை பாரசீக ராஜா டேரியஸ் விலைக்கு வாங்கிட்டான், ஜாக்கிரதை. அலெக்சாண்டர் கடிதத்தை வைத்தியர் கையில கொடுத்துட்டு மருந்தைக் குடிச்சார். அவர் படிக்கப் படிக்க, இவர் குடிக்கிறார்! எப்பேர்ப்பட்ட நம்பிக்கை பாருங்க.

மூணே வருஷம். கி.மு. 330. அதே பார்மீனியனோட மகன் பிலோட்டாஸ், ராஜாவைக் கொல்லச் சதின்னு காதுல விழுந்ததை ரெண்டு நாள் சொல்லாம விட்டான். அவனே சதிகாரன்னு நிரூபணம் கிடையாது. சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க.

அப்பா எக்பட்டானாவுல இருக்கார், இன்னிக்கு ஈரான்ல ஹமதான். 70 வயசு. கஜானா, படை எல்லாம் அவர் பொறுப்பு. மகன் செத்த சேதி முதல்ல போய்ச் சேர்ந்தா ஆபத்து. அதனால சேதியை முந்திப் போய் அவரையும் முடிக்கணும். 30, 40 நாள் வழியை வேக ஒட்டகத்துல 11 நாள்ல கடந்தாங்க. போனவன் யாரு? பெரியவரோட சொந்த நண்பன் பாலிடாமஸ். அவன் தம்பிங்க பிணைக் கைதியா ராஜாகிட்ட. கையில ரெண்டு கடிதம்: ஒண்ணு ராஜாவோடது, இன்னொண்ணு மகன் முத்திரை வெச்ச பொய்க் கடிதம். மகன் எழுதினதுன்னு முகம் மலர்ந்து படிக்கிறப்பதான் குத்தினாங்கன்னு ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதுறார்.

மறுபடி சொல்றேன், அன்னிக்கும் ஒரு கடிதம், இன்னிக்கும் ஒரு கடிதம். அன்னிக்கு ராஜா உசிரைக் காப்பாத்த எழுதினவரை, இன்னிக்கு ஒரு கடிதத்தைக் காட்டிக் கொல்றாங்க. ஒட்டகம், பிணை, முத்திரை, நாள் கணக்கு, இதுல எங்கே போதை?

கி.மு. 328ல சமர்கண்ட் விருந்துல கிளைட்டஸை ஈட்டியால குத்தினது போதையிலதான். கிரானிக்கஸ் போர்ல தன் உசிரைக் காப்பாத்தினவன். மூணு நாள் அன்னந்தண்ணி இல்லாம அழுதார். அதுக்குக் குடியைச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

என்னைக் கேட்டா, "அவர்கிட்ட எதிர்த்துப் பேச எப்ப வரைக்கும் ஆள் இருந்தது?"ன்னு கேட்டிருக்கணும். கி.மு. 327ல, கூடவே வந்த வரலாற்றாசிரியர் காலிஸ்தனஸ் பேசினார், பாரசீக முறையில விழுந்து வணங்க மாட்டேன்னு. அரிஸ்டாட்டிலுக்கு உறவு. கொஞ்ச நாள்லயே சதி வழக்குல அவரையும் பிடிச்சுட்டாங்க. அந்த வழக்கை அடுத்த வாரம் தனியா எடுத்துக்குவோம்.