அளவு தெரிந்த கைதான் அந்த முகங்களை வரைந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மறுமலர்ச்சிக் கால உருவப்பட வரைவுகளுக்கு அழகைத் தந்தது அளவா, பார்வையா என்பது தலைப்பு. பார்வையே என்று வாதிட்ட எதிரணித் தோழர், ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் கரியால் வரைந்த தன் தாயின் படத்தைச் சாட்சிக்கு அழைத்தார். 63 வயது, ஒட்டிய கன்னம், நெற்றியெங்கும் சுருக்கம். "இதில் எங்கே இருக்கிறது உங்கள் இலட்சிய அளவு?" என்று கேட்டார். மனத்தை உலுக்கும் படம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அதே டியூரர்தான் மனித உடலின் அளவுகளைப் பற்றி நான்கு பாகங்களில் ஒரு நூலையும் எழுதினார். 1528 ஏப்ரலில் அவர் இறந்தார். அக்டோபரில் அது அச்சாகி வந்தது. அதன் மூன்றாம் பாகத்தைப் புரட்டிப் பாருங்கள். கட்டத்துக்குள் ஒரு தலை. நெற்றி, புருவம், மூக்கடி, வாய், தாடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. அந்தக் கோடுகளில் ஒன்றை ஏற்றுகிறார், ஒன்றை இறக்குகிறார், இன்னொன்றைச் சாய்க்கிறார். சப்பை மூக்கு, உள்வாங்கிய வாய், துருத்திய தாடை என முகம் முகமாகப் பிறக்கின்றன. அவருக்கு அளவு வார்ப்பு அச்சு அல்ல. ஒரு முகம் பொதுவிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் தூக்குக்குண்டு. சுவர் சாய்ந்திருப்பது தூக்குக்குண்டு தொங்கினால்தானே தெரியும்?

அந்த அளவு என்ன? ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொன்னது: உச்சியிலிருந்து தாடை வரை உள்ள தலை, உடல் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரை உள்ள முகம் பத்தில் ஒரு பங்கு. அந்த முகம் மூன்று சம பாகம்: மயிர்க்கோடு முதல் புருவ நடு வரை, அங்கிருந்து மூக்கடி வரை, அதிலிருந்து தாடை வரை. இதைத் தாளில் இறக்கிப் பார்ப்போம். தலையை 15 செ.மீ. உயரத்துக்கு வரைந்தால் முகம் 12 செ.மீ. உச்சியிலிருந்து 3ஆவது செ.மீ.யில் மயிர்க்கோடு, 7இல் புருவம், 11இல் மூக்கடி, 15இல் தாடை. தலையின் சரிபாதி 7.5. கண் அங்கேதான், புருவத்துக்குச் சற்றுக் கீழே உட்காருகிறது. புதிதாக வரைபவர்கள் கண்ணை 5, 6 செ.மீ.யிலேயே வைத்துவிடுவார்கள். கண்ணும் வாயும் கவனத்தை இழுப்பதால் மண்டையின் மேற்பகுதியைப் பார்வை சுருக்கிவிடுகிறது. பார்வையை மட்டும் நம்பினால் நேர்வது இது.

இங்கே என் அணிக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து 1.618 என்ற பொன் விகிதத்தை இழுக்காதீர்கள். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி 1509இல் வெனிசில் வெளியிட்ட நூல் அந்த விகிதத்தைப் புகழ்கிறது, உண்மை. ஆனால் உடலைப் பற்றிப் பேசும் இடத்தில் அவரும் விட்ருவியஸ் வழியில் எளிய பின்னங்களைத்தான் கையாள்கிறார்.

அடுத்து, அக்கால ஓவியர்களின் கருவி. பசை கலந்த எலும்புப் பொடியைத் தாளில் பூசிக் காயவைத்து, அதன்மேல் வெள்ளிக் கம்பி முனையால் வரைவார்கள். ஈயக் கோடு என்றால் ரொட்டித் துணுக்கால் தேய்த்து எடுத்துவிடலாம். வெள்ளிக் கோட்டை அப்படி எடுக்க முடியாது. அழுத்தினாலும் கருமை கூடாது, பூச்சுதான் கீறும். நிழல் வேண்டுமானால் மெல்லிய கோடுகளை அடுக்கியே வரவழைக்க வேண்டும். மூக்கை அரை செ.மீ. தள்ளிப் போட்டால் அது தள்ளியே நிற்கும். இப்படிப்பட்ட கருவியைக் கையில் எடுப்பவர், எது எங்கே வரும் என்று தெரியாமல் முதல் கோட்டை இழுப்பாரா?

அளவு தவறியதே இல்லையா என்று கேட்கலாம். தவறியது. பாதம் உயரத்தில் ஆறில் ஒன்று என்றார் விட்ருவியஸ். லியொனார்டோ டா வின்சி 1490 வாக்கில், வட்டமும் சதுரமும் சூழ்ந்த அந்த மனிதனின் படத்தருகே ஏழில் ஒன்று என்று எழுதினார். 1400 வாக்கில் ஓவியக் கையேடு எழுதிய இத்தாலிய ஓவியர் செனினோ செனினி, பெண்ணுடலுக்குச் சரியான அளவே இல்லை என்று விட்டுவிட்டார். டியூரரோ பெண்ணுடல்களையும் பல வகையாகப் பிரித்து அளவிட்டார். பிழையான அளவைத் திருத்தியது இன்னும் நுணுக்கமான அளவு.

மைக்கலாஞ்சலோவை எதிரணி கொண்டுவரும் என்று தெரியும். டியூரரின் உருவங்கள் கம்பம்போல் விறைத்து நிற்கின்றன, அசைவைப் பற்றி அவர் பேசவில்லை என்று மைக்கலாஞ்சலோ கருதியதாக, மைக்கலாஞ்சலோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கொண்டிவி சொல்கிறார். நியாயமான குறைதான். ஆனால் கவராயம் கையில் அல்ல, கண்ணில் இருக்க வேண்டும் என்றும் மைக்கலாஞ்சலோ சொன்னதாக, ஓவியர்களின் வரலாறுகளை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். கவராயத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லையே! அது கண்ணுக்குள் குடியேற எத்தனை ஆண்டு அளந்திருக்க வேண்டும்!

அழகு எதுவென்று தனக்குத் தெரியாது என்று டியூரரே எழுதியதையும் காட்டுவீர்கள். அடுத்து அவர் சொன்னதையும் சேர்த்துக் காட்டுங்கள்: மிகச் சிறந்ததை எட்ட முடியாது என்பதற்காகக் கற்பதையே விட்டுவிடுவது விலங்குத்தனமான எண்ணம், அதை ஏற்கமாட்டோம் என்கிறார்.

கடைசியாக, எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரு கேள்வி. முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது, தாடையும் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. நடுக்கோடு வளைந்து ஓரம் போகும். நெற்றிப் பாகம் பெருத்துத் தெரியும், தாடைப் பாகம் சுருங்கும், புருவக்கோடும் மூக்கடிக்கோடும் வில்லாக வளையும். அப்பால் உள்ள கண் குறுகும். இரண்டு கண்ணையும் ஒரே அகலத்தில் போட்டால் முகம் தட்டையாகிவிடும். இத்தாலிய ஓவியர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா இதற்காகவே தலையைக் கிடைமட்டமாகப் பல தளங்களாக வெட்டி, புள்ளி புள்ளியாகக் குறித்துத் திருப்பிக் காட்டினார். அளவே வேண்டாம் என்கிற நீங்கள், அந்த அப்பால் உள்ள கண் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

நன்றி, வணக்கம்.