முதுகைக் காட்டிய பிட்சர்: ஹிதேயோ நோமோ

[காட்சி: மெதுவாக ஓடும் பழைய படம். மேட்டில் தனியாக நிற்கும் பிட்சர்]

குரல்:
பேஸ்பால் மைதானத்தின் நடுமேட்டில் நின்று பந்து வீசுபவர்தான் பிட்சர். இதோ ஒருவர், இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்குகிறார். இடக்காலை உயர்த்தியபடியே திரும்புகிறார், திரும்பிக்கொண்டே போகிறார். மட்டையோடு எதிரே நிற்பவருக்கு இப்போது தெரிவது முதுகில் உள்ள 16 என்ற எண் மட்டும். பந்து எங்கே? சட்டென்று உடல் சுழல, பந்து பறந்து வருகிறது. இந்த வீச்சுக்கு 'டொர்னேடோ' என்று பெயர். சூறாவளி.

புறமுதுகு காட்டினான் என்றால் தமிழில் ஓடிப்போனான் என்று பொருள். 1995இல் ஜப்பானில் பலர் ஹிதேயோ நோமோவை அப்படித்தான் ஏசினார்கள்.

[காட்சி: ஒசாகா நகரம்]

குரல்:
ஒசாகாக்காரர். கின்டெட்சு பஃபலோஸ் அணிக்கு 1990இல் ஆட வந்தவர், ஜப்பானின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான பசிபிக் லீகில், தொடர்ந்து நான்கு ஆண்டுகள், பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றிகளிலும், மட்டையாளரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றும் ஸ்டிரைக்-அவுட்களிலும் முதலிடம். 1994இல் தோளில் காயம், நிர்வாகத்தோடு உரசல். அமெரிக்காவில் ஆட ஆசை; ஆனால் ஒப்பந்தம் விடாது.

அவருடைய ஏஜென்ட் டான் நோமுரா விதிகளைத் துருவி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற வீரர் ஜப்பானில் மறுபடி ஆடினால் பழைய அணிக்குத்தான் ஆட வேண்டும். வெளிநாட்டைப் பற்றி விதி வாயே திறக்கவில்லை! 26 வயதில் நோமோ 'ஓய்வு' பெற்றார். 1995 பிப்ரவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் கையெழுத்திட்டார்.

1964இலும் 1965இலும் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு ஆடிய மசனோரி முரகாமிக்குப் பிறகு, 30 ஆண்டுகளாக அமெரிக்காவின் உச்ச லீகில் ஜப்பானியர் எவரும் இல்லை. நோமோ முதல் பருவத்திலேயே 236 ஸ்டிரைக்-அவுட் எடுத்தார். சிறந்த புதுமுகம் விருதும் கொடுத்தார்கள். ஜப்பானில் ஐந்து பருவம் ஆடிப் பழுத்தவர் புதுமுகமாம்!

[காட்சி: மழையில் நனைந்த மைதானம், இரவு]

குரல்:
1996 செப்டம்பர் 17, டென்வர், கூர்ஸ் ஃபீல்டு மைதானம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் அடித்த பந்து வெகுதூரம் பறக்கும், வீசிய பந்து சரியாக வளையாது. பிட்சர்களுக்கு அது நரகம். போதாக்குறைக்கு மழை, ஆட்டமே தாமதமாகத்தான் தொடங்கியது. மேடு வழுக்கியது. ஒற்றைக் காலில் திரும்பினால் கீழே விழ வேண்டியதுதான்.

நோமோ சூறாவளியை மூட்டை கட்டி வைத்தார். திரும்பாமல், பக்கவாட்டில் நின்று சுருக்கமாக வீசினார். விரல்களுக்கு நடுவே இடுக்கி விடும் ஃபோர்க் பந்து மட்டை அருகே வந்து பொத்தென்று இறங்கியது. ஒன்பது இன்னிங்ஸ், அதாவது முழு ஆட்டம். எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை; பந்தை அடித்துவிட்டு பத்திரமாகத் தளம் சேர்ந்தவர் எவரும் இல்லை. இதற்குப் பெயர் நோ-ஹிட்டர். டாட்ஜர்ஸ் வென்றது, 9-0.

2001இல் பாஸ்டன் அணிக்காக இன்னொரு முறையும் இப்படி ஒரு நோ-ஹிட்டர் வீசினார். அமெரிக்காவில் மொத்தம் 123 வெற்றிகள். ஆனால் டென்வரின் அந்த மைதானத்தில், 2024 வரை, வேறு எவரும் நோ-ஹிட்டர் வீசியதில்லை.