மூணு புள்ளியை நம்பி 6.8 கோடி டாலர் போச்சு! வாலட் முகவரியைத் திரையில் எப்படிக் காட்டணும்?

[திரையில்: கறுப்புப் பின்னணி. ஒரு வாலட் முகவரி. முன்னால் நான்கு எழுத்து, நடுவில் மூன்று புள்ளி, பின்னால் ஆறு எழுத்து.]

இந்த மூன்று புள்ளியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2024 மே மாதம் ஒருவர் 1155 ராப்டு பிட்காயினை (பிட்காயினுக்கு ஈடாக ஈதரியம் வலைப்பின்னலில் புழங்குகிற டோக்கன்) முன்பின் தெரியாத திருடன் ஒருவனுக்கு அனுப்பிவிட்டார். அன்றைய விலைக்கு ஏறக்குறைய 6.8 கோடி டாலர். நம் ரூபாய்க்கு ஐந்நூறு கோடிக்கு மேல். பாஸ்வேர்டு திருடு போகவில்லை, யாரும் உள்ளே புகவில்லை. அவரே தன் கையால், தன் வாலட்டில் (கிரிப்டோவைக் கையாளுகிற ஆப்) இருந்து அனுப்பினார்.

வணக்கம் மக்களே! திருநெல்வேலியில் இருந்து இன்னொரு வீடியோ. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிரிப்டோ வாங்கலாமா விற்கலாமா என்று கேட்டு வந்த அண்ணாச்சிமார் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். என்னிடம் இருக்கிற முதலீட்டு ஆலோசனை அவ்வளவுதான். இந்த வீடியோ வெப் ஆப் செய்கிற தம்பி தங்கைகளுக்கு. ஒரு முகவரியைத் திரையில் எப்படிக் காட்டுவது? இதற்கு ஒரு வீடியோவா என்று கேட்பீர்கள். ஐந்நூறு கோடி!

பின்கதையைச் சட்டென்று முடித்துவிடுவோம். முகவரி என்பது வங்கிக் கணக்கு எண் மாதிரி. ஈதரியம் முகவரி என்றால் முதலில் 0, அடுத்து எக்ஸ், அதன்பின் 40 எழுத்துகள். ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரையோ, ஏ முதல் எஃப் வரையோ. பிட்காயினுக்கு வேறு வகைகள் உண்டு. போதும்.

இப்போது திருட்டுக்கு வருவோம். பணம் இழந்தவர் ஏமாளி இல்லை. பெரிய தொகையை அனுப்பும் முன் 0.05 ஈதரை (ஈதரியத்தின் சொந்தக் காசு) அனுப்பிச் சோதித்தும் பார்த்தார், அது சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பிளாக்செயினில், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கேட்டில், எல்லாமே வெட்டவெளிதானே, திருடனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே அதே சாயலில் தனக்கு ஒரு முகவரி உருவாக்கினான். உண்மையான முகவரி டி9ஏ1 என்று தொடங்கி 853ஏ91 என்று முடிகிறது. திருடனுடையதும் டி9ஏ1, 853ஏ91. நடுவில் இருக்கிற முப்பது எழுத்துப் பகுதி மட்டும் வேறு. அந்த முகவரியில் இருந்து ஒரு பொய்ப் பரிமாற்றத்தை அவருடைய வரலாற்றுப் பட்டியலில் ஏறும்படி செய்தான். அவர் அடுத்த தடவை பட்டியலில் இருந்து முகவரியை காப்பி செய்தார். முடிந்தது கதை.

(சில நாளில் திருடன் பெரும்பகுதியை ஈதராகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மனசாட்சியா பயமா, அது அவனுக்கே வெளிச்சம். எல்லாத் திருடனும் திருப்பித் தருவான் என்று நம்பி ஆப் செய்யாதீர்கள்.)

ஒரே சாயலில் முகவரி உருவாக்குவது அவ்வளவு சுலபமா? கணக்குப் போடுவோம். முதல் நான்கு எழுத்து பொருந்த 65,536 முகவரிக்கு ஒன்று. முதல் நான்கும் கடைசி நான்கும் பொருந்த சுமார் 430 கோடிக்கு ஒன்று. இங்கே நான்கும் ஆறும், அதாவது ஏறக்குறைய 1 லட்சத்து 10 ஆயிரம் கோடிக்கு ஒன்று. மலைப்பாக இருக்கிறதா? ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்குக் கோடிக்கணக்கில் முகவரி போட்டுத் தள்ளும். கார்டுகளை அடுக்கி ஓட விட்டால் காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி. நாற்பதும் பொருந்தத்தான் வழியே கிடையாது. அப்படியென்றால் பாதுகாப்பு முழுக்க எங்கே இருக்கிறது? நாம் புள்ளி வைத்து மறைத்த அந்த நடுப்பகுதியில்.

இந்தத் திருட்டில் இன்னொரு வகை இருக்கிறது, திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற வகை. டோக்கன் கான்ட்ராக்டில் (டோக்கன் கணக்கைப் பார்த்துக்கொள்கிற பிளாக்செயின் நிரல்) இன்னொருவர் கணக்கில் இருந்து எடுக்க அவருடைய அனுமதி வேண்டும். எடுக்கிற தொகை அனுமதித்த தொகைக்குள் இருக்கிறதா என்றுதான் கான்ட்ராக்ட் பார்க்கும். எடுக்கிற தொகையே பூஜ்ஜியம் என்றால்? பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜிய அனுமதி போதுமே! பல டோக்கன்களில் இது அப்படியே நிறைவேறிவிடும். விளைவு, உங்கள் வரலாற்றில் நீங்களே அந்தத் திருடனுக்கு அனுப்பியது போல ஒரு வரி. முதல் தடவை படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது எனக்கு.

சரி, இன்னும் மனதில் நிற்கவில்லை என்றால் களக்காடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போவோம்.

[திரையில்: மொய் நோட்டு. நீல மை. பக்கத்தில் சந்தனக் கிண்ணம்.]

மொய் எழுதுகிறவர் எப்படி எழுதுவார்? "மேலத்தெரு, பண்டாரம் மகன், சுடலைமுத்து, 501." நான்கு ஆள் தள்ளி இன்னொருவர் வருகிறார். "மேலத்தெரு, ஐயம்பெருமாள் மகன், சுடலைமுத்து, 2001." சுடலைமாடன் கோயில் இருக்கிற ஊரில் ஒரே தெருவில் இரண்டு சுடலைமுத்து இருப்பது அதிசயமா என்ன? மூன்றாவது ஆள் வரவில்லை என்றால்தான் அதிசயம். இப்போது வெளியூரில் படித்த டிசைனர் தம்பி ஒருவர் அந்த நோட்டை அழகுபடுத்த வருகிறார் என்று வையுங்கள். "வரி ரொம்ப நீளம், நடுவில் மூணு புள்ளி வச்சிருவோம்" என்கிறார். இனி நோட்டில் "மேலத்தெரு... சுடலைமுத்து" என்று இரண்டு வரி. இரண்டு வருஷம் கழித்து ஒரு சுடலைமுத்து வீட்டில் காதுகுத்து. யாருக்கு 501 செய்ய வேண்டும், யாருக்கு 2001? பண்டாரம் மகனுக்கு 2001 போய்விட்டால் அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஐயம்பெருமாள் மகன் வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அதனால்தான் பழைய மொய்க்காரர்கள் அப்பா பெயரை விடவே மாட்டார்கள். அதுவும் போதாது என்றால் பக்கத்திலேயே சின்னதாக "டீக்கடை" என்றோ "மிலிட்டரி" என்றோ ஒரு பட்டப்பெயரும் சேர்ப்பார்கள். நம் ஆப்புக்கு வேண்டியதும் இதே இரண்டுதான்: நடுப்பகுதி, பட்டப்பெயர்.

நடுப்பகுதியில் இருந்து தொடங்குவோம். பட்டியலில் சுருக்கிக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "அனுப்பு" பட்டன் இருக்கிற திரையில் நாற்பது எழுத்தும் தெரிய வேண்டும். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். நான்கு நான்காகப் பிரித்தால் பத்துத் துண்டு, போனில் இரண்டு மூன்று வரிக்குள் அடங்கும். எல்லா எழுத்தும் ஒரே அகலமாக வருகிற மோனோஸ்பேஸ் எழுத்துரு போடுங்கள். துண்டுகளுக்கு நடுவே நிஜமான ஸ்பேஸ் தட்டக் கூடாது. சிஎஸ்எஸ் மார்ஜினில் இடைவெளி கொடுங்கள். இல்லையென்றால் காப்பி செய்யும்போது ஸ்பேஸும் சேர்ந்து வந்து, ஒட்டுகிற இடத்தில் "தவறான முகவரி" என்று கத்தும்.

[திரையில்: பழைய போன். எழுத்து அளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது.]

இதைப் பாருங்கள். லேப்டாப்பில் கச்சிதமாக இருந்த அதே பக்கம். போனில் எழுத்தைப் பெரிதாக்கியதும் முகவரியின் வால் திரைக்கு வெளியே போய்விட்டது. கடைசியில் தெரிகிற எழுத்து பாதி 8, பாதி பி. போதாக்குறைக்கு எழுத்து வெளிர்ச் சாம்பல் நிறம் வேறு. வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் மத்தியானம் ஒரு மணிக்கு இதை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள், உங்கள் டிசைன் பாஸா ஃபெயிலா தெரிந்துவிடும். மவுஸை மேலே வைத்தால் முழு முகவரி வரும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். போனில் மவுஸ் எங்கே இருக்கிறது?

அப்புறம், பெரிய எழுத்து சின்ன எழுத்து. ஈதரியம் முகவரியில் ஏ, பி, சி எல்லாம் சில இடத்தில் பெரிதாகவும் சில இடத்தில் சிறிதாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் இல்லை அது. ஈஐபி-55 என்று 2016-இல் வந்த ஏற்பாடு. முகவரியை ஹாஷ் செய்து (ஒரு கணக்கில் போட்டு வேறொரு எண்ணாக்கி), அந்த விடையைப் பொறுத்து எந்த எழுத்து பெரிதாக வேண்டும் என்று முடிவாகிறது. ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால் அநேகமாகப் பிடிபட்டுவிடும், தப்பிக்கிற வாய்ப்பு 0.0247 சதவீதம்தான். நீங்கள் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கினால் அந்தக் காவலை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனால் ஒன்று, இது கைத்தவறுக்கு மட்டும்தான் காவல். திருடன் உருவாக்கிய முகவரியும் முறைப்படி சரியான முகவரிதான், அதற்கும் பச்சை டிக் வரும். அந்த டிக்கைப் பார்த்து "பாதுகாப்பானது" என்று எழுதுகிற ஆப்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிட்காயின்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்யோசனைக்காரர்கள். பழைய முகவரி வகையில் பூஜ்ஜியம், பெரிய ஓ, பெரிய ஐ, சின்ன எல், இந்த நான்கும் கிடையாது. ஒன்றுபோல் தெரிகிறது என்று அப்போதே தூக்கிவிட்டார்கள்.

இனி, கண்ணால் பார்க்காமல் காதால் கேட்பவர்கள். பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிற ஊர்க்காரன் நான், இதைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்கிரீன் ரீடர் நாற்பத்திரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தால் கேட்பவர் பாதியில் தொலைந்துபோவார். சுருக்கியதை வாசித்தால் ஏமாந்துபோவார். முதலில் பெயரைச் சொல்லட்டும், கேட்டால் மட்டும் துண்டு துண்டாக முழு முகவரியை வாசிக்கட்டும். காப்பி பட்டனைத் தட்டியதும் வருகிற பச்சை டிக், காதுக்கும் "காப்பி ஆகிவிட்டது" என்று கேட்க வேண்டும். காப்பி செய்த முகவரியை நடுவழியில் மாற்றி வைக்கிற வைரஸும் உண்டு என்பதால், ஒட்டிய பிறகு முழுசாக இன்னொரு முறை காட்டுங்கள். அது பார்வை உள்ளவர்களுக்கும்தான்.

முகவரிக்கு ஏற்ப மாறுகிற ஒரு வண்ணக் கட்டப் படம் போட்டுக் காட்டுவது நல்லதுதான், தனியாக அதை நம்ப வேண்டாம். ஈஎன்எஸ் பெயர் (முகவரிக்குப் பதிலாகப் பதிவு செய்துகொள்கிற, படிக்க எளிதான பெயர்) இருந்தால் முகவரியோடு சேர்த்துக் காட்டுங்கள். கியூஆர் கோடு, சந்தோஷமாகப் போடுங்கள். ஆனால் யுபிஐயில் ஸ்கேன் செய்ததும் கடைக்காரர் பெயர் வருகிறதே, அப்படி இங்கே யார் பெயரும் வராது.

கடைசியாகப் பட்டப்பெயர். அட்ரஸ் புக் வைத்து, பயனர் கையாலேயே பெயர் சூட்ட விடுங்கள். அதோடு ஐந்தாறு வரியில் ஒரு சோதனை எழுதுங்கள். ஒட்டிய முகவரியின் முதல் நான்கும் கடைசி நான்கும் புத்தகத்தில் உள்ள ஏதாவது ஒன்றோடு பொருந்தி, நடுப்பகுதி மட்டும் பொருந்தவில்லை என்றால் அனுப்பு பட்டனை நிறுத்திவிடுங்கள். இரண்டு முகவரியையும் மேலும் கீழும் வைத்து, மாறிய எழுத்தை எல்லாம் சிவப்பாகக் காட்டுங்கள். தற்செயலாக இப்படி நடக்க 430 கோடியில் ஒரு வாய்ப்பு என்று இப்போதுதானே கணக்குப் போட்டோம்? நடந்தால் அது திருடன்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்த எச்சரிக்கையில் என்ன எழுதுவது என்பதுதான் எனக்கு இன்னும் இழுபறி. "முகவரி பொருந்தாமைப் பிழை" என்று எழுதினால் எவரும் படிக்காமல் சரி தட்டிவிடுவார்கள். இப்போதைக்கு "இது நீங்கள் முன்பு அனுப்பிய முகவரி இல்லை, நடுவில் மாறியிருக்கிறது" என்று வைத்திருக்கிறேன். என் தம்பி "ஏல, ஆளு மாறிட்டு!" என்று போடச் சொல்கிறான். இரண்டில் எது, இல்லை இதைவிட நல்லதாக ஒன்று உங்களிடம் இருக்கிறதா? கமெண்டில் போடுங்கள், அப்படியே லைக் பட்டனையும் ஒரு தட்டு தட்டிவிடுங்கள். அந்தப் பட்டனில் முகவரி எதுவும் சரிபார்க்க வேண்டியதில்லை.