எதை விடலாம், எதை விடக்கூடாது: பயிற்சி விமானத்துக்கு ஒரு டம்மி லாஞ்சர்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பட்டறை உரிமையாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பட்டறை நடத்தும் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வேலந்தாவளம் தாண்டி கோவைக்குள் நுழைந்தால் சூலூர் விமானப்படைத் தளம் எட்டிவிடும் தூரம்தான். தேஜஸ் விமானங்களின் முதல் படைப்பிரிவு 2018-இல் அங்கே வந்தது. இரண்டாவது படைப்பிரிவு 2020-இல் அங்கேயே தொடங்கப்பட்டது. போர் விமானம் பறக்கும்போது நாம் விமானத்தைத்தான் பார்க்கிறோம். இறக்கைக்கு அடியில் தொங்குவதை யாரும் கவனிப்பதில்லை. நான் பேச வந்தது அங்கே தொங்கும் ஏவுகணையைப் பற்றியும், அதைத் தாங்கிப் பிடிக்கும் லாஞ்சரைப் பற்றியும்தான். குறிப்பாக, எதையுமே ஏவாத லாஞ்சரைப் பற்றி.

ஏவாத லாஞ்சர் எதற்கு? உண்மையான ஏவுகணை விலை உயர்ந்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஏவுகணைக்கு ஆயுள் உண்டு என்பது. இறக்கையில் மாட்டிக்கொண்டு பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதிர்வு அதைத் தின்கிறது. உள்ளே இருக்கும் திட எரிபொருள், முனையில் இருக்கும் வெப்பம் தேடும் கருவி, நுண்ணிய மின்னிணைப்புகள் எல்லாம் சுடாமலேயே தேய்கின்றன. இளம் விமானி நாள்தோறும் செய்யும் பயிற்சிக்கு அதைச் செலவழிப்பது நியாயமில்லை.

மூன்றாவது காரணம் உயிர். 1961 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ வானில் ஒரு எஃப்-100 விமானம் பயிற்சிக்காக பி-52 குண்டுவீச்சு விமானத்தைப் பின்தொடர்ந்தது. சுட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. மின்சுற்றில் ஏற்பட்ட கோளாறால் சைட்விண்டர் ஏவுகணை தானே புறப்பட்டது. பி-52 விழுந்தது, மூன்று பேர் இறந்தார்கள். 1982 மே 25 அன்று ஜெர்மனியில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஃபான்டம் ஒன்று, பயிற்சியின்போது தன் படையைச் சேர்ந்த ஜாகுவார் விமானத்தையே சுட்டு வீழ்த்தியது. இறக்கையில் இருந்தது டம்மி இல்லை, உண்மையாகவே பாயக்கூடிய ஏவுகணை. ஜாகுவார் விமானி பாராசூட்டில் தப்பினார். பயிற்சி விமானத்தில் மாட்டப்படும் பொருள், எந்தக் கோளாறு வந்தாலும், யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், புறப்படவே முடியாததாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு சம்பவங்களே போதும்.

இப்போதெல்லாம் கணினியே ஏவுகணை இருப்பதாகக் காட்டிவிடுகிறதே, இரும்பும் அலுமினியமும் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனின் ஹாக் டி-2 பயிற்சி விமானத்தில் ரேடார் கிடையாது. இருப்பதுபோல் திரையில் காட்டிப் பயிற்சி தருகிறார்கள். ஏவியதாக, இலக்கைத் தொட்டதாகக் கணக்கிடும் வேலையை மென்பொருள் நன்றாகச் செய்கிறது. ஆனால் இறக்கை நுனியில் 85 கிலோ தொங்கும்போது விமானம் புரளும் விதத்தை மென்பொருள் விமானியின் கைக்குத் தராது. காற்று இழுவையால் கூடுதலாக எரியும் எரிபொருளையும் அது எரிக்காது. தரையில் நின்று ஏவுகணையைத் தூக்கி மாட்டும் ஆயுதப் பிரிவுப் பணியாளர்களுக்கோ அது எந்தப் பயிற்சியும் தராது. அவர்களுடைய முதுகுக்கும் விரல்களுக்கும் உண்மையான எடை வேண்டும்.

நம் நாட்டு ஏவுகணைகளும் இந்த வழியில்தான் வந்தன. 2014 மே மாதம் அஸ்திரா முதன்முறையாக சுகோய்-30 விமானத்திலிருந்து ஏவப்பட்டது. அதற்கு முன்பு, ஏவாமல் வெறுமனே சுமந்து பறக்கும் சோதனைகள் நடந்தன. சுமப்பதில் தேறினால்தான் சுடுவதற்கு அனுமதி.

சரி, லாஞ்சர் என்பது என்ன? உலகில் அதிகம் புழங்கும் சைட்விண்டரை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 3 மீட்டர், விட்டம் 127 மில்லிமீட்டர், எடை சுமார் 85 கிலோ. அதன் முதுகில் மூன்று தொங்குகால்கள் உண்டு. வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து டி போல இருக்கும். லாஞ்சரின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு தண்டவாளம். முன்பக்கமிருந்து அந்தக் கால்களைத் தண்டவாளத்துக்குள் கொடுத்து, ஏவுகணையைப் பின்னோக்கித் தள்ளுவார்கள். சரியான இடம் வந்ததும் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். சுடும்போது ராக்கெட் மோட்டாரின் உந்துவிசை அந்தக் கொக்கியை மீறி ஏவுகணையை முன்னோக்கிக் கொண்டுபோகும். லாஞ்சரின் வயிற்றுக்குள் உயர் அழுத்த நைட்ரஜன் குடுவை இருக்கும். வெப்பம் தேடும் கருவியைக் குளிர்விக்க அந்த வாயு வேண்டும். மின்வழங்கி இருக்கும். சுடும் மின்சுற்று இருக்கும். எல்லாம் சேர்ந்து லாஞ்சர் மட்டுமே சுமார் 40 கிலோ.

குறைந்த செலவில் டம்மி செய்கிறேன் என்று உட்காரும் வடிவமைப்பாளர் முதலில் ஒரு காகிதத்தில் எழுத வேண்டியது, எதை விடலாம் என்பதைத்தான். நைட்ரஜன் குடுவையை விடலாம். மின்வழங்கியை விடலாம். சுடும் மின்சுற்றை விடலாம் என்று சொல்ல மாட்டேன், விட்டே ஆக வேண்டும். அதற்கான கம்பி போகும் துளைகூட உறையில் இருக்கக்கூடாது. விமானத்தின் ஆயுத மேலாண்மைக் கணினி ‘இங்கே ஒரு பொருள் இருக்கிறது’ என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அதற்கு மட்டும் ஓர் அடையாள இணைப்பு போதும். சைட்விண்டரின் பின் துடுப்புகளின் நுனியில் காற்றில் சுழலும் பல்சக்கரங்கள் உண்டு. ஏவுகணை உருளாமல் இருக்க உதவுபவை. அவற்றையும் விடலாம். முன்னோக்கி விடுவிக்கும் கொக்கியே வேண்டாம். அந்த இடத்தில் குறுக்காக ஒரு போல்ட்டைப் போட்டு, நட்டைப் பூட்டுக்கம்பியால் கட்டிவிட்டால் விலை குறைகிறது, பாதுகாப்பு கூடுகிறது. விலையும் பாதுகாப்பும் ஒரே பக்கம் நிற்பது நம் தொழிலில் அபூர்வம். கிடைக்கும்போது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த காகிதத்தில், எதை விடக்கூடாது என்று எழுதுங்கள். எடை, எடை மையம், வெளிவடிவம், இணைப்பு. இந்த நான்கிலும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. டம்மி என்ற சொல்லைக் கேட்டதும் பலருடைய மனம் இளகிவிடுகிறது. ‘வெறும் டம்மிதானே’ என்கிறார்கள். எனக்கு மனம் கொதிக்கும் இடம் அதுதான். சுடுவதில்தான் அது டம்மி. தொங்குவதில் அது உண்மையான சுமை.

ஒரு கணக்குப் போடுவோம். ஏவுகணை 85 கிலோ, லாஞ்சர் 40 கிலோ. மொத்தம் 125. ஹாக் போன்ற பயிற்சி விமானம் இறுக்கமாகத் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல 8 மடங்கு வரை விசை வரும். 125 கிலோ அந்த நொடியில் 1,000 கிலோவாக இறக்கையை இழுக்கும். விமானத் துறையில் வழக்கமாக ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்துத்தான் வடிவமைப்பார்கள். ஆக 1,500 கிலோவை உடையாமல் தாங்க வேண்டும். அந்த ஒன்றரை டன்னும் முன்னும் பின்னும் இருக்கும் பிடிப்புகள் வழியாகத்தான் இறக்கைக்குப் போகிறது. சரிபாதியாகவும் போகாது, எடை மையம் எந்தப் பிடிப்புக்கு அருகில் இருக்கிறதோ அதற்குத்தான் பெரும்பங்கு. எடை மையத்தை மாற்றிவிட்டால் எந்தப் பிடிப்பு எவ்வளவு தாங்குகிறது என்ற கணக்கே மாறிவிடும்.

இங்கிருந்து பழநிக்குக் காவடி எடுத்துப் போனவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். ஒரு பக்கச் செம்பில் கொஞ்சம் பால் குறைந்தாலும் தோள் அதை உடனே சொல்லிவிடும், நடையே மாறிவிடும். இறக்கையும் அப்படித்தான். அதிலும் இறக்கை நுனியில் மாட்டும்போது இன்னொரு ஆபத்து சேர்ந்துகொள்கிறது. இறக்கை விறைத்த பலகை இல்லை; வளையும், முறுக்கிக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வளைவும் முறுக்கும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தால் இறக்கை படபடக்கத் தொடங்கும். சில நொடிகளில் முறிந்தும் போகலாம். நுனியில் எவ்வளவு எடை, அது முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த ஆபத்தான வேகம் மாறும். ஆகவே குடுவையை எடுத்த இடத்தில் அதே எடையுள்ள எஃகுத் துண்டு, அதே இடத்தில், போல்ட்டால் இறுக்கப்பட்டு உட்கார வேண்டும். எடைக்காகக் குழாய்க்குள் சிமென்ட் கலவை ஊற்றுவது தரைப் பயிற்சிக்கான டம்மிக்குச் சரி. பறக்கும் டம்மிக்குக் கூடாது. அதிர்வில் கலவை பிளந்து நகர்ந்தால் எடை மையமும் கூடவே நகரும்.

இனிப் பட்டறைக்காரர்கள் கொஞ்சம் காதைக் கொடுக்க வேண்டும். தண்டவாளத்தின் உள்மூலை. தொங்குகால் உட்காரும் அந்த நீளப் பள்ளத்தை, அதாவது காடியை, மில்லிங் இயந்திரத்தில் வெட்டும்போது, கூர்மையான கருவியால் வெட்டினால் மூலை கத்தி முனைபோல் நேராக வந்துவிடும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் விரிசல் பிறக்கும் இடமே அதுதான். விசை முழுவதும் அந்த ஒரு கோட்டில் குவிகிறது. 1954-இல் காமெட் பயணிகள் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து வானிலேயே சிதறின. உடல் தகட்டில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில், மீண்டும் மீண்டும் விசை பட்டு உலோகம் களைத்ததால் தொடங்கிய விரிசலே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அதன் பிறகு விமானம் செய்பவர் எவரும் மூலையை அலட்சியமாகப் பார்ப்பதில்லை. காடியின் உள்மூலையில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வளைவு விட்டு வெட்டுங்கள். அதற்கேற்ற கருவி தனியாக வாங்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், வெட்டிய பிறகு மெருகேற்ற வேண்டும். செலவு கூடும். கூடட்டும்.

வெட்டி முடித்ததும் சாயச் சோதனை. பொருளை நன்றாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசி, கொஞ்ச நேரம் விட வேண்டும். பிறகு மேலே இருக்கும் சாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளிக்க வேண்டும். எல்லாம் வெள்ளையாக இருக்கும். விரிசல் இருந்தால், அதற்குள் இறங்கியிருந்த சாயம் மெல்ல மேலேறி, வெள்ளைக்கு நடுவே தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடாக எழும். கண்ணுக்கும் விரல் நகத்துக்கும் அகப்படாத விரிசல் இப்படி அகப்படும். இதற்குப் பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். மூன்று டப்பாக்களும், முறையாகப் பயிற்சி பெற்ற பொறுமையான ஓர் ஆளும் போதும். பட்டறையில் ஒருமுறை பார்த்தால் போதாது. குறிப்பிட்ட பறப்பு மணி நேரத்துக்கு ஒருமுறை லாஞ்சரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்படிக் கழற்றுவது எளிதாக இருக்கும்படி வடிவமைப்பதும் வடிவமைப்பாளரின் கடமைதான்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 7075 என்ற அலுமினியக் கலவை வலிமையானது; ஆனால் டி-6 என்ற வெப்பப் பதத்தில், ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால் அரித்து விரிசல் விடும் குணம் உண்டு. கடலோரத் தளங்களுக்குப் போகும் பொருள் என்றால் டி-73 பதம் நல்லது. வலிமை சற்றுக் குறையும், ஆயுள் கூடும். எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் தகுந்த பூச்சு வேண்டும், இல்லையென்றால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். முனை உறை, பின் உறை போன்ற சுமை தாங்காத பகுதிகளைக் கண்ணாடி இழையில் வார்த்துக்கொள்ளலாம். பணத்தை மிச்சப்படுத்த அதுவும் நல்ல இடம்.

கோவையிலும் கஞ்சிக்கோட்டிலும் இருக்கும் சி.என்.சி. இயந்திரங்களுக்கு இந்த வேலை புதிதே இல்லை. பம்புக்கும் ஜவுளி இயந்திரத்துக்கும் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டிக் கொடுக்கும் கைகள் நம்மிடம் இருக்கின்றன. நாம் பின்தங்குவது காகிதத்தில். இந்த அலுமினியக் கட்டி எந்த ஆலையில் உருகியது, அதன் வார்ப்பு எண் என்ன, அதிலிருந்து வெட்டிய துண்டுகள் எந்தெந்த லாஞ்சருக்குள் போயின என்று கேட்டால் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். படைத்துறை விமானங்களில் பறக்கும் எந்தப் பொருளுக்கும் பெங்களூரில் இருக்கும் செமிலாக் அமைப்பின் தகுதிச் சான்று வேண்டும். தரத்தை உறுதிசெய்வது பாதுகாப்பு அமைச்சகத்தின் டி.ஜி.ஏ.க்யூ.ஏ. அமைப்பு. அவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை இல்லை, பதிவேட்டைத்தான். மிச்சம் விழுந்த துண்டு வீணாகக்கூடாது என்று சான்றில்லாத கட்டியில் ஒரு பாகத்தை வெட்டினால், மொத்தத் தொகுதியும் குப்பைதான். பதிவேடு எழுதத் தெரிந்த ஒரு தங்கையை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளத்தை லாஞ்சரின் விலையில் நேர்மையாகச் சேர்த்துக் கேளுங்கள்.

வண்ணத்தையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்கா, நேட்டோ வழக்கப்படி நீலப் பட்டை என்றால் பயிற்சிப் பொருள், மஞ்சள் என்றால் வெடிமருந்து, பழுப்பு என்றால் ராக்கெட் மோட்டார். எந்த நாட்டுக்குச் செய்கிறீர்களோ அந்த நாட்டு விதியைக் கேட்டுப் பூசுங்கள். இரவில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிற பணியாளருக்கும் ஐயம் வரக்கூடாது.

உரைக்குப் பிறகு ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, எங்களைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது?’ என்று கேட்டார். தரையிலிருந்து தொடங்குங்கள் அம்மா என்றேன். பறக்கவே போகாத, ஏற்றி இறக்கிப் பழக மட்டுமே பயன்படும் டம்மியும் லாஞ்சரும் தனியாக உண்டு. பறப்புத் தகுதிச் சான்றின் பெரும்பாரம் அதற்கு இல்லை. ஆனால் எடை, எடை மையம், தொங்குகாலின் அளவு, கொக்கியின் இறுக்கம் எல்லாம் உண்மையானதைப் போலவே இருந்தாக வேண்டும். அதை ஆயுதப் பிரிவுப் பணியாளர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். பறக்கும் லாஞ்சருக்கான வரைபடத்தை அந்தக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடத் தொடங்கலாம்.