சுவர் டைல்ஸ் வெட்ட எந்தக் கருவி?

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிற வேலை பார்க்கிறேன். அடுப்படிச் சுவருக்கு நாலு வரிசை நாமே ஒட்டிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மெஷின் வாங்கட்டும்?" என்றுதான். வாங்கி வைத்திருக்கிற டைல்ஸ் எது, அதில் எத்தனை வெட்டு நேர்வெட்டு என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அதற்கு அப்புறம் மெஷினே தேவைப்படாது.

டைல்ஸைத் திருப்பிப் போட்டு, முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கண்முன்னாலேயே உள்ளே இழுத்துக்கொண்டால் அது செராமிக். சுவருக்கென்று விற்கிற டைல்ஸ் பெரும்பாலும் இதுதான், தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், உள்ளே மண் அவ்வளவு இளக்கம். சொட்டு அப்படியே முத்து மாதிரி நின்றால் விட்ரிஃபைட், அது அரை சதவீதம்கூடக் குடிக்காது, வெட்டும்போதும் அந்தக் கடினத்தைக் காட்டும்.

செராமிக் என்றால் கையால் இழுக்கிற டைல்ஸ் கட்டர் போதும். இரண்டு கம்பி, மேலே ஒரு கைப்பிடி, அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கார்பைடு சக்கரம். கரண்ட் வேண்டாம், தூசி கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு வெட்டினாலும் பக்கத்து வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வாங்கும்போது நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். 12-க்கு 18 அங்குல டைல்ஸுக்கு வாங்கியதில் 24 அங்குல டைல்ஸை நீளவாக்கில் வெட்ட முடியாது, குறுக்குக் கோணத்தில் வெட்டுவதென்றால் 12-க்கு 24-க்குக் கிட்டத்தட்ட 27 அங்குலம் வேண்டும்.

இதில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. கோடு சரியாக விழவில்லையோ என்று இரண்டாவது, மூன்றாவது தரம் இழுப்பார்கள். பளபளப்புப் பக்கம் மேலே இருக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரே சீராக, ஒரே தரம். 'சர்ர்ர்' என்று நடுவில் அறாமல் சத்தம் வந்தால் கோடு விழுந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் விட்டுவிட்டு வந்த இடத்தில்தான் உடையும்போது கோணும். சக்கரம் செய்வது மேல்பூச்சில் ஒரு கீறல் மட்டுமே, அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு டைல்ஸ் தானாகப் பிளக்கிறது, அதனால்தான் மேலே மேலே கீறினால் விளிம்பு பொடிகிறது. கீறல் விழுந்ததும் கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் போதும், 'டக்'. வெட்டின ஓரம் கத்தி மாதிரி இருக்கும், உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்துவிட்டுக் கையில் எடுங்கள். சிமெண்டில் ஒட்டுகிறவர்கள் டைல்ஸை வெட்டிவிட்டு, அப்புறம் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

சரி, மெஷின் எப்போது வேண்டும்? ஓரத்துக்கு அரை அங்குலத்துக்கும் குறைவான கீற்று எடுக்கிறபோது, சுவிட்ச் பெட்டிக்கு 'ட' மாதிரி வெட்டுகிறபோது, டைல்ஸ் விட்ரிஃபைடாக இருக்கிறபோது. நாலு அங்குல கட்டிங் மெஷின் போதும், இரண்டு நாள் வேலைக்கு வாடகைக்கு எடுத்தாலே சரியாகிவிடும். மெஷினைவிட பிளேடில்தான் விஷயம். விளிம்பில் இடைவெளி விட்டு வெட்டு வெட்டாக இருக்கிற டைமண்ட் பிளேடு கான்கிரீட்டுக்கும் கிரானைட்டுக்கும். அதைச் சுவர் டைல்ஸில் வைத்தால் மேல்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். விளிம்பு முழுதும் இடைவெளி இல்லாமல் வட்டமாக வருகிற பிளேடைக் கேட்டு வாங்கி, கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டுங்கள். 'ட' வெட்டில் உள்மூலைக்கு முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, இரண்டு பக்கத்து வெட்டையும் அந்த ஓட்டையில் கொண்டுவந்து முடியுங்கள், இல்லாவிட்டால் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும்.

கையில் மெஷின் இருக்கிறதே என்று அதிலேயே மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டாதீர்கள். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் அப்படி மாட்டி நிலைக்கட்டையை அறுத்தான், பல் மரத்தில் சிக்கியதும் மெஷின் எகிறி இடது கட்டைவிரல் நரம்பை அறுத்துவிட்டது. இன்றைக்கும் அந்த விரல் மடங்குவதில்லை. அது நிமிஷத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிற சாமான்.

தூசியும் அப்படித்தான். மெஷினில் பறக்கிற வெள்ளைப் பொடியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. கைக்குட்டை கட்டினால் நிற்காது, என்95 முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து வெட்டுங்கள். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும், ஆனால் மெஷின் அதற்கென்று செய்ததாக இருக்கவேண்டும், வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனை அறுத்துவிடுகிற சுவிட்ச், இருக்கவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் தண்ணீர் பக்கமே போகமாட்டேன்.

குழாய்க்கு ஓட்டை போட டைமண்ட் ஹோல்சா, அதாவது வட்டமாக வெட்டி எடுக்கிற குழல் மாதிரியான பிட், சாதாரண டிரில்லில் மாட்டலாம். டிரில்லில் சுத்தியல் படம் இருக்கிற பக்கம் திருப்பி வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அந்த அடியில் டைல்ஸ் தாங்காது. நேராக வைத்து அழுத்தினால் வழுக்கி ஓடும், கொஞ்சம் சாய்த்துப் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். பஞ்சை நனைத்து அடிக்கடி தொட்டுக்கொடுங்கள். ஓட்டை குழாயைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், மேலே குழாயைச் சுற்றி வருகிற வட்டத் தகடு, பிளாஞ்ச், மூடிக்கொள்ளும்.