கடைக்கோடி வயல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

காலபோக அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் வைக்கோலை மேய்ந்துகொண்டு நிற்பதை வன்னியில் பார்க்காதவர்கள் இல்லை. வைக்கோலின் முதன்மையான நார்ப்பொருளாகிய செலுலோசைச் சிதைக்கும் நொதியத்தை மாட்டின் உடல் ஆக்குவதில்லை. நமது உடலும் ஆக்குவதில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் பற்றீரியாக்களும் ஏனைய நுண்ணங்கிகளுமே அந்த வைக்கோலை நொதிக்கச் செய்து மாட்டுக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. இத்தகைய வேலையாட்கள் நமக்கும் உண்டு. மாட்டுக்கு அவர்கள் சமிபாட்டுப் பாதையின் தொடக்கத்தில் இருக்கிறார்கள். நமக்கோ அதன் கடைசிப் பகுதியான பெருங்குடலில் இருக்கிறார்கள்.

இரைப்பையின் அமிலத்தில் மிகச் சில பற்றீரியாக்களே பிழைக்கின்றன. பெருங்குடலிலோ ஒரு கிராம் உள்ளடக்கத்தில் பத்தாயிரம் கோடி வரையில் அவை இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு ஒன்றின்படி, ஒரு மனித உடலிலுள்ள பற்றீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. அவற்றின் மொத்த நிறை 200 கிராம் அளவு. நமது கலங்களைவிட அவை பத்து மடங்கு என்று முன்னர் சொல்லப்பட்டது. நானும் வகுப்பில் அவ்வாறே கற்பித்தேன். அது சரியன்று, இரண்டும் ஏறக்குறைய சம அளவினவே.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வாய்க்காலின் மேற்பகுதி வயல்கள் முழுத் தண்ணீரையும் எடுத்துவிட்டால் கடைக்கோடி வயல் காயும். நமது பெருங்குடலும் அப்படியொரு கடைக்கோடி வயல்தான். வெள்ளைப் பாணிலுள்ள மாப்பொருளும் தேநீரில் கரைத்த சீனியும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. பெருங்குடல்வரை சென்று சேர்வது நார்ப்பொருளும் சமிபாடடையாமல் எஞ்சும் மாப்பொருளும்தான். அவற்றை நொதிக்கச் செய்து பற்றீரியாக்கள் ஆக்கும் கொழுப்பமிலங்களுள் பியூற்றிரேற்று என்பது பெருங்குடற்சுவரின் கலங்களுக்கு முதன்மையான சக்தி மூலம்; அதாவது, அந்தச் சுவர் குருதி கொண்டுவரும் உணவைவிடப் பற்றீரியாக்கள் தரும் உணவையே கூடுதலாக நம்பியிருக்கிறது. நார்ப்பொருள் அற்ற உணவு கொடுக்கப்பட்ட எலிகளில், குடற்சுவரை மூடிக் காக்கும் சளிப்படையையே சில பற்றீரியாக்கள் தின்னத் தொடங்கியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தாயின் உடலும் இந்தக் கடைக்கோடி வயலை மறப்பதில்லை. தாய்ப்பாலில் குழந்தையால் சமிபாடடையச் செய்ய முடியாத சில வெல்லங்கள் நிறைய உள்ளன. குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபற்றீரியாக்களுக்கு அவையே உணவு. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

பெரியவர்களான நமக்கு உகந்த உணவுகள் நம் அடுக்களையிலேயே இருக்கின்றன. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, ஒடியற்கூழ், முருங்கையிலை, வாழைப்பூ எல்லாம் நார்ப்பொருள் நிறைந்தவை. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலில் சமிபாடடையாத வடிவத்துக்கு மாறுவதால், பழஞ்சோற்றுக்கும் இந்த வரிசையில் இடமுண்டு. தயிரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தயிர்ப் பற்றீரியாக்கள் பாலிலுள்ள வெல்லமான லக்ரோசைச் சிதைத்து நமக்கு உதவுகின்றன. ஆயினும் அவை பொதுவாகக் குடலில் நிலையாகக் குடியிருப்பதில்லை. ஆகவே சட்டித் தயிரை விரும்பி உண்ணுங்கள், அதனை நம்பிக் கீரையைக் கைவிடாதீர்கள். நார்ப்பொருளை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். இரண்டு மூன்று கிழமைகளில் சிறிது சிறிதாகக் கூட்டுவதே நல்லது.

எனக்குப் பெருங்கவலை தருவது நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளின் பாவனை. தடிமனுக்குக் காரணம் வைரசு. அந்தக் குளிசைகள் வைரசைத் தொடுவதில்லை, ஆனால் குடற்பற்றீரியாக்களை நோய்க்கிருமிகளோடு சேர்த்து அழிக்கின்றன. வெறுமையாகிப்போன அந்த இடத்தில் கொடிய வயிற்றோட்டத்தை உண்டாக்கும் குளொஸ்திரிடியம் வகைப் பற்றீரியா பெருகிவிடுவதும் உண்டு. அழிந்தவை மீண்டும் பெருகப் பல கிழமைகள், சிலருக்குப் பல மாதங்கள் செல்லும். பற்றீரியாத் தொற்றுக்கு இக்குளிசைகள் உயிர்காக்கும் மருந்து என்பதில் ஐயமில்லை. மருத்துவர் எழுதித் தந்தால் அவர் சொன்ன நாள்வரை சொன்ன அளவில் எடுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசையை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம், அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

நன்றி, வணக்கம்.