அம்பு பாயும் தூரம்

(லெந்து என்னும் தவக்கால நாட்களில், ஒரு திருச்சபைச் சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

போதகரின் மனைவி ஐயரம்மாவுக்கும், சங்கத் தலைவி அக்காவுக்கும், அடுப்பு வேலையை முடித்துவிட்டும் முடிக்காமலும் வந்திருக்கிற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முன்னால் நாலு பெஞ்சு காலியாகக் கிடக்கிறது, கதவோரம் நிற்க இடமில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். முப்பது வருஷம் நானும் கதவோரம் உட்கார்ந்தவள்தான். டூட்டிக்கு ஓடவேண்டும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, தாழ்ந்தோரை நோக்குகிற தேவன். 138-ஆம் சங்கீதம், 6-ஆம் வசனம். "கர்த்தர் உயர்ந்தவராயிருந்தும், தாழ்மையுள்ளவனை நோக்கிப் பார்க்கிறார், மேட்டிமையானவனையோ தூரத்திலிருந்து அறிகிறார்." இந்த வசனத்தின் முதல் பாதியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி. மேட்டிமைக்காரனையும் அவருக்குத் தெரியும், ஆனால் தூரத்திலிருந்து. கிட்ட வருவது தாழ்ந்தவனுக்குத்தான். இந்தத் தூரம் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நம்மூரில் தூரம் என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆண்கள் யாரும் இல்லை, அதனால் விளக்காமலே விடுகிறேன். எங்கள் ஆச்சி காலத்தில் வீட்டுக்குத் தூரம் என்றால் மூன்று நாள் புறவாசல், தனித் தட்டு, தனிப் பாய். காலையும் மாலையும் குடும்ப ஜெபம் நடக்கிற வீடுதான். ஜெபத்துக்கு மணி அடிக்கும், ஆச்சி புறவாசல் படியிலிருந்தே "ஆமென்" சொல்லுவாள்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடு. பெரும்பாடு என்பது நிற்காத உதிரப்போக்குக்கு நம் பழைய வைத்தியச் சொல். மொழிபெயர்த்தவர்கள் கூச்சப்பட்டு மழுப்பாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். லேவியராகமச் சட்டப்படி அவள் உட்கார்ந்த இடம் தீட்டு, படுத்த பாய் தீட்டு, அவளைத் தொட்டவர்கள் சாயங்காலம்வரை தீட்டு. நமக்கு மூன்று நாள். அவளுக்குப் பன்னிரண்டு வருஷம். கையிலிருந்த காசையெல்லாம் வைத்தியர்களிடம் கொட்டிவிட்டாள், நோய் அதிகமானதுதான் மிச்சம் என்று மாற்கு எழுதுகிறார். டாக்டர்களிடம் வேலை பார்த்தவள் நான், அந்த வரியை வாசித்துவிட்டு எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

அவள் கூட்டத்துக்குள் புகுந்து, பின்னாலிருந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். உதிரம் நின்றது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இயேசு நின்று, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று கேட்கிறார். அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார், ஜெபஆலயத் தலைவர் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். அப்படியும் நின்று கேட்கிறார். ஒரு நர்ஸாக எனக்கு அந்த இடம் வெகுநாள் உறுத்தியது. ஒரு பெண்ணின் உடம்பு விஷயத்தை நடுத்தெருவில் வைத்துக் கேட்கலாமா? வார்டில் நாங்கள் திரையை இழுத்துவிட்டுத்தான் கேட்போம்.

பிறகு யோசித்தேன். சத்தமில்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடம்பு சுகமாகியிருக்கும், ஊர் அவளைத் தூரமாகவே வைத்திருக்கும். இரத்தம் நின்றது அவளுக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? எல்லார் காதிலும் விழும்படி அவர் அவளை "மகளே" என்று கூப்பிட்டார். நாலு சுவிசேஷத்திலும் அவர் ஒரு பெண்ணை நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட்டது இந்த ஒரு இடத்தில்தான். தன் மகளுக்காக யவீரு பக்கத்திலேயே நிற்கிறான். தீட்டென்று ஒதுக்கிய இவளுக்கும் மகள் என்ற அதே உறவைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் அவன் வீட்டுக்கு நடந்தார்.

தீட்டு என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக நம் நாட்டில் முடியாது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்கும் நடுவே சுவர் வைத்தே ஆராதனை நடந்தது. 1910-ல்தான் அது இடிபட்டது, வழக்கு உயர்நீதிமன்றம்வரை போனது. கத்தோலிக்கரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவேண்டாம். நம்மிடம் செங்கல் சுவர் இல்லை, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஆகார். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அவளைத்தான்.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்துக்காரி, வேலைக்காரிகூட இல்லை, அடிமை. பிள்ளை இல்லாத நாச்சியார் அவளைத் தன் புருஷனுக்குக் கொடுக்கிறாள். "உனக்குச் சம்மதமா" என்று கேட்டதாக ஒரு வார்த்தை கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆபிராமும் சாராயும் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அடிமைப்பெண்" என்றுதான் பேசுகிறார்கள். அவள் பேரை அவர்கள் வாய் சொன்னதாக வேதத்தில் இல்லை. கர்ப்பமான பிறகு நாச்சியார் கொடுமை தாங்காமல் ஓடிப்போய் வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் இருக்கும்போது கர்த்தருடைய தூதன்தான் முதலில் "ஆகாரே" என்கிறான். கூடவே இரண்டு கேள்வி. எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய். முதல் கேள்விக்குத்தான் அவள் பதில் சொல்கிறாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"கர்த்தர் உன் அங்கலாய்ப்பைக் கேட்டார்" என்று தூதன் சொல்கிறான். அங்கலாய்ப்பு. எவ்வளவு சரியான சொல் பாருங்கள். அழுகைக்கும் முனகலுக்கும் நடுவில், யாரிடமும் சொல்லமுடியாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருவது. ஒரு வேத வகுப்பில் கேட்டதைச் சொல்கிறேன். பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆகாரின் அங்கலாய்ப்புக்குப் போட்ட அதே சொல்லைத்தான் லூக்கா மரியாளின் பாட்டில் வைக்கிறார். "அவர் தம்முடைய அடிமையின் தாழ்மையை நோக்கிப்பார்த்தார்." அந்தத் தாழ்மைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற நல்ல குணம் என்று அர்த்தமில்லை, தாழ்ந்து கிடக்கிற நிலைமை என்று அர்த்தம். பெண்களுக்குத் தாழ்மை வேண்டும் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் மரியாளைச் சாட்சிக்குக் கூப்பிடுமுன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே அதிகாரத்தில், வாசிக்கும்போதே தொண்டையில் சிக்குகிற ஒரு வசனமும் இருக்கிறது. நாச்சியாரண்டைக்குத் திரும்பிப்போய் அவள் கையின்கீழ் அடங்கியிரு என்று தூதன் சொல்கிறான். அடி தாங்காமல் தாய்வீடு வந்த பெண்ணை இந்த வசனத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வசனத்தை நான் மழுப்பப்போவதில்லை. வனாந்தரத்தில் கர்ப்பிணி தனியாகச் செத்துப்போவாளே என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் ஐந்து அதிகாரம் தள்ளிப் போனால், இரண்டாம் முறை தேவன் அவளைத் திரும்பிப் போ என்று சொல்லவே இல்லை. திருப்பி அனுப்ப ஆகார் கதையை எடுக்கிறவர்கள் 21-ஆம் அதிகாரத்தையும் வாசித்துவிட்டு எடுக்கட்டும்.

அந்த 21-ஆம் அதிகாரத்தில் ஆபிராம், இப்போது அவன் பேர் ஆபிரகாம், அதிகாலையில் எழுந்து, கொஞ்சம் அப்பமும் ஒரு துருத்தி, அதாவது ஒரு தோல்பை, தண்ணீரும் அவள் தோளில் வைத்து, பிள்ளையோடு அனுப்பிவிடுகிறான். அத்தனை ஆடுமாடு வைத்திருந்தவன் கொடுத்தது ஒரு துருத்தி தண்ணீர். பெயெர்செபாவின் வனாந்தரத்தில் அது தீர்ந்துபோகிறது. பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, எதிராக அம்பு பாயும் தூரத்தில் போய் உட்காருகிறாள். பிள்ளை சாகிறதை நான் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

அம்பு பாயும் தூரம் எவ்வளவு? முகம் தெரியாது, ஆனால் எழுந்து ஓடினால் போய்விடலாம். முழுக்க விட்டுப் போகவும் முடியாமல், கிட்ட இருக்கவும் முடியாமல் ஒரு தாய் அளந்துவைத்த தூரம் அது. ஐ.சி.யு. வாசலில், லிப்ட் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே வாங்க அம்மா என்றால் தலையை ஆட்டுவார்கள், வரமாட்டார்கள். கல்நெஞ்சம் என்று மற்றவர்கள் பேசுவார்கள். பெற்ற வயிறு பற்றி எரிகிறபோது மனுஷி அப்படித்தான் உட்காருவாள்.

இந்த வயிறு என்ற பேச்சு வேதத்திலும் இருக்கிறது. எபிரெயு மொழியில் இரக்கத்துக்கான சொல் கர்ப்பப்பை என்ற சொல்லின் வேரிலிருந்து வருகிறது. நம் வேதாகமத்தில் "மனதுருகி" என்று வருகிற இடங்களில் கிரேக்கச் சொல்லின் வேர் குடல். லூக்கா அதை மூன்றே இடத்தில்தான் எழுதுகிறார். மகனைப் பறிகொடுத்த நாயீன் ஊர் விதவையைக் கண்டு இயேசு மனதுருகி, கிட்டவந்து, பாடையைத் தொடுகிறார். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு சமாரியன் மனதுருகி, கிட்ட வருகிறான். வீட்டை விட்டுப் போன இளையகுமாரன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு மனதுருகி, ஓடுகிறான். மூன்றிலும் முதலில் கண், அடுத்தது குடல், உடனே கால். நின்ற இடத்திலேயே நின்று மனதுருகினதாக ஒரு இடத்திலும் இல்லை.

ஆகாரிடம் தூதன் என்ன சொன்னான்? எழுந்து பிள்ளையை எடுத்து, உன் கையினால் பிடித்துக்கொண்டு போ. அதற்குப் பிறகுதான் தேவன் அவள் கண்களைத் திறந்தார், தண்ணீர்த் துரவு தெரிந்தது. பிள்ளையிடம் திரும்பிப் போ என்ற பேச்சு முதலில் வருகிறது, தண்ணீர் பிறகு.

தண்ணீர் தெரியாத வீடுகளும் நம் சேகரத்தில் இருக்கின்றன. அங்கே போய் "கர்த்தர் சோதிக்கிறார்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். எல்லாம் இழந்து கிடந்த யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், எட்டாம் நாள் பேச ஆரம்பித்தார்கள், கெட்டது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் இயேசு சொன்னது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்த வசனம் எப்படி முடிகிறது தெரியுமா? "ஏன் தூரமாயிருக்கிறீர்?" அவருக்கு அறிமுகமானவர்களும் கலிலேயாவிலிருந்து கூட வந்த பெண்களும் அன்றைக்குத் தூரத்திலே நின்றார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பிதாவும் தூரம், சிநேகிதரும் தூரம். தேவன் எனக்குத் தூரமாகிவிட்டார் என்று ஒருத்தி அழுதால் அது அவிசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன். குமாரனே அழுத அழுகை அது.

இனி என் பிழைப்பு சம்பந்தமாகக் கொஞ்சம். தொழுநோய் வார்டில் வேலை பார்த்தேன். வேதத்தில் சொல்லுகிற குஷ்டம் எல்லாமே இன்றைக்கு நாம் சொல்லுகிற தொழுநோய் அல்ல, பல தோல் நோய்களுக்கும் அந்தப் பேர் இருந்தது. ஆனால் ஒதுக்குகிற முறை மட்டும் ஒன்றுதான். "தீட்டு, தீட்டு" என்று அவனே சத்தமிட்டு, பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்கவேண்டும். மாற்கு முதல் அதிகாரத்தில் அப்படிப்பட்ட ஒருவன் வந்தபோது இயேசு மனதுருகி, கையை நீட்டி, தொட்டு, அதன் பிறகு சுத்தமாகு என்கிறார். சுத்தமான பிறகு தொட்டிருக்கலாம். வரிசை அப்படி இல்லை.

கொல்லிமலையில் மிஷனரிகளுக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். அப்படி அல்ல, உணர்ச்சி மரத்துப்போகிறது, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் குத்திக்கொண்டும் கை கால் போகிறது என்று கண்டவர் அவர். காலையில் எழுந்தால் சிலருக்கு விரலில் ஒரு துண்டு குறைந்திருக்கும். ராத்திரி விழித்திருந்து பார்த்தபோது, எலி. வலி இல்லாததால் தூக்கம் கலையவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். நானூறு பக்கம் இறையியல் வாசித்தாலும் எனக்கு இந்தப் பூனைதான் ஞாபகத்தில் நிற்கிறது. ஒருமுறை ஒரு வாலிபன் தோளில் கைவைத்து அவர் சிகிச்சையை விளக்க, அவன் தேம்பித்தேம்பி அழுதானாம். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று கேட்டார். இல்லை டாக்டர், இங்கே வருமுன் பல வருஷமாக இவரை யாரும் தொட்டதில்லை என்று கூட நின்றவர் சொன்னார்.

இதையெல்லாம் பயிற்சியிலேயே கேட்டுவிட்டுத்தான் நான் வார்டுக்குப் போனேன். போன முதல் நாள், ஒரு தாத்தாவின் கால் புண்ணுக்கு டிரஸ்ஸிங் பண்ண ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை போட்டேன். ஒரு ஜோடி போதும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கை வேர்க்குமே, அம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு மகள். மாசத்துக்கு ஒருமுறை தூக்குச்சட்டியோடு வருவாள், கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்பாள். வாட்ச்மேன்தான் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வருவார். தாத்தாவுக்கு மருந்து முடிந்து, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் மகளைப் பார்ப்பார், மகள் சாப்பாடு போகிறதைப் பார்ப்பாள். மரத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவே இருந்த தூரத்தை, 21-ஆம் அதிகாரம் வாசிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாசம் வாட்ச்மேன் லீவு. தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு அவள் மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், போய் வாங்கியிருக்கலாம், போகவில்லை. கொஞ்சம் நடந்தாள். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதுவரை வந்துவிட்டு நின்றாள். அதற்குமேல் கால் வரவில்லை.

தாத்தா கட்டிலை விட்டு இறங்கினார். அந்த வாரம்தான் அளவெடுத்துத் தைத்த எம்.சி.ஆர். செருப்பு, மரத்துப்போன காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது, வந்திருந்தது. புண் ஆறும்வரை ஒரு அடிகூட நடக்கக்கூடாது என்று காலையில்தான் நான் அதட்டியிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து, படியிறங்கி, தொட்டிவரைக்கும் நடந்து போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை.